உப்புத் தண்ணி தின்ன எஞ்சினும் மாற்று பிளாக்கும்

போன புரட்டாசியில் முதல் மழை பெய்த மூணாம் நாள். காங்கயம் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்க ஈரம் சரியாக இருந்தது. காலையில் டிராக்டரை எடுக்கும் முன் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் ஊற்றின டீ மாதிரி இருந்தது. அளவும் ஏறியிருந்தது. ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. மீதித் தண்ணீர் எங்கே போனது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

20 வருஷத்துக்கு மேல் உழைத்த வண்டி. 3 சிலிண்டர், 35 குதிரைத்திறன். பக்கத்துத் தோட்டத்து வண்டியை வாடகைக்குப் பிடித்து விதைப்பை முடித்துவிட்டு, பட்டறையில் எஞ்சினைப் பிரித்தோம். லைனரைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. லைனரின் அடியில் ரப்பர் ரிங் உட்காரும் இடத்தில், பிளாக்கின் இரும்பு எலி கடித்த மாதிரி அரித்துக் கிடந்தது. மேலே ஹெட் போல்ட் துளை ஒன்றிலிருந்து தண்ணீர் வழி வரைக்கும் மெல்லிய விரிசல் வேறு.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "எடைக்குப் போட்டுட்டு லோன்ல புதுசு எடுங்க" என்றவர்கள்தான் அதிகம். பட்டறை அண்ணன் மட்டும் வேறு கேள்வி கேட்டார்.

"ஏந் தம்பி, ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்தறே?"

"போர் தண்ணிதானுங்ணா."

"அதை நீ குடிப்பியா?"

"உப்புங்ணா. மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும்."

"மாட்டுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே. பிளாக்கை மாத்திக்கலாம், அது ஒண்ணும் பெரிய வேலையில்ல. தண்ணிய மாத்தலைன்னா அடுத்த பிளாக்கும் இப்படித்தான் போகும்."

இந்தக் கட்டுரையில் சொல்லப் போவது அந்த இரண்டு வேலைகளைத்தான். நல்லா இருக்கிற பாகங்களைக் கழற்றி மாற்று பிளாக்கில் ஏற்றுவது ஒன்று. பழைய பிளாக்கைக் கொன்றது எது என்று கண்டுபிடித்து நிறுத்துவது இன்னொன்று. மண்ணிலும் நாம் இதைத்தானே செய்கிறோம்? செடி ஏன் வாடியது என்று பார்க்காமல் இடுபொருளை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். டிராக்டருக்குச் சொல்வது கார், ஜீப், சரக்கு வண்டி எஞ்சினுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அளவுகள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

நம்ம பகுதித் தண்ணீரும் எஞ்சினும்

திருப்பூர் பகுதி பாறைப் பூமி, மழை குறைந்த பூமி. ஆழ்குழாய்த் தண்ணீர் இயல்பாகவே கடினத்தன்மை உள்ளது. அதோடு நொய்யல் கரையில் சாயக்கழிவும் சேர்ந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற உத்தரவை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு ஓர் உத்தரவில் போய்விடாது.

இந்தத் தண்ணீர் எஞ்சினை இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, கடினத்தன்மை. சூடு அதிகமாக உள்ள இடத்தில், அதாவது லைனரின் மேல்பாகத்திலும் ஹெட்டிலும், சுண்ணாம்பு படியும். டீக்கடை பாய்லரில் படிவது போலத்தான். படிவு சூட்டை வெளியே விடாது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தாலும் உள்ளே இரும்பு கொதிக்கும், விரிசல் விடும். இரண்டாவது, குளோரைடும் சல்ஃபேட்டும். இவை வார்ப்பு இரும்பை அரிக்கும். ரப்பர் ரிங் உட்காரும் இடம் போன்ற இடுக்குகளில் அரிப்பு வேகமாக நடக்கும்.

எவ்வளவு உப்பைத் தாங்கும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் கரைபொருள், நாம் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சின் நம்மை விடக் கறார். கேட்டர்பில்லர் நிறுவனம் தன் எஞ்சின்களின் குளிர்விப்புத் தண்ணீருக்குச் சொல்லும் உச்ச அளவு, லிட்டருக்கு டி.டி.எஸ். 340, கடினத்தன்மை 170, சல்ஃபேட் 100, குளோரைடு 40 மில்லிகிராம். நாம் குடிக்கும் தண்ணீரே பல ஊர்களில் இந்த அளவைத் தாண்டிவிடும்.

முதலில் பிளாக்தான் குற்றவாளியா என்று பாருங்கள்

ஆயிலில் தண்ணீர் கலந்தால் உடனே பிளாக்கைக் குறை சொல்லக் கூடாது. ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம். ஹெட்டில் விரிசல் இருக்கலாம். ஆயில் கூலர் உள்ள வண்டியில் அது ஓட்டையாகியிருக்கலாம். லைனர் ரப்பர் ரிங் மட்டும் கெட்டிருக்கலாம். இவை எல்லாமே பிளாக்கை விடக் குறைந்த செலவில் முடிகிற வேலைகள். ஹெட்டை இறக்கி லேத் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். பிறகுதான் பிளாக்.

விரிசல் கண்டுபிடிக்க நம் பட்டறைகளில் ஒரு பழைய வழி இருக்கிறது. சந்தேகப்படும் இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊற விடவும். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவவும். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும்.

பிளாக்கின் வெளிப்பக்கச் சுவரில் சின்ன விரிசல் என்றால் தையல் போடும் முறையில் அடைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிராங்க் உட்காரும் இடத்தில் விரிசல், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்தது, லைனர் அமரும் இடம் பல சிலிண்டரில் அரித்தது என்றால் பிளாக்கை மாற்றுவதே நல்லது.

மாற்று பிளாக் வாங்கும்போது

கம்பெனியில் புது பிளாக் கிடைத்தால் நல்லது. கிடைக்காத பழைய மாடல் என்றால் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகளில் தேட வேண்டும். பார்க்க வேண்டியவை:

1. பிளாக்கின் பக்கச் சுவரில் வார்ப்பிலேயே எழும்பியிருக்கும் எண்ணைப் பழைய பிளாக்கின் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒரே பேர் உள்ள மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் ஆயில் துளையும் போல்ட் துளையும் மாறியிருக்கும்.

2. மெயின் பேரிங் கேப்கள் அதே பிளாக்கோடு வர வேண்டும். இது மிக முக்கியம். தொழிற்சாலையில் கேப்பைப் பிளாக்கோடு சேர்த்து முறுக்கி வைத்துத்தான், முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே நேர்கோட்டில் துளை போடுகிறார்கள். அந்தக் கேப் அந்தப் பிளாக்குக்கு மட்டுமே ஜோடி. உங்கள் பழைய பிளாக்கின் கேப் பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும். ஆனால் போட்டால் துளை வட்டமாக வராது, கிராங்க் இறுகும். கேப் இல்லாத பிளாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் லைன் போரிங் பண்ண வேண்டி வரும்.

3. லைனரைக் கழற்றி, ரப்பர் ரிங் அமரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பிளாக் எதனால் போனதோ அதே நோயுள்ள பிளாக்கைக் காசு கொடுத்து வாங்கிவிடக் கூடாது.

4. ரசீது வாங்குங்கள். எஞ்சின் எண் பிளாக்கில்தான் குத்தியிருக்கும். ரசீது இல்லாத பிளாக் திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் வம்பு உங்களுக்குத்தான்.

எஞ்சின் மாற்றம் சட்டப்படி வண்டியில் செய்யும் மாற்றமாகத்தான் கணக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைப் பற்றியது. வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முன் அனுமதி இல்லாமல் மாற்ற நேர்ந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள். பழைய எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தேய்ப்பது, நாமே குத்துவது இரண்டும் குற்றம்.

கழற்றும்போதே பாதி வேலை

சூலூர் பக்கம் கலங்கலில் விவசாயக் குடும்பத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதே வண்டியை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் எஞ்சினைக் கற்றுக்கொண்டார் என்பது நம் பக்கத்தில் பலரும் கேட்ட கதை. பிரிப்பது யாராலும் முடியும். திரும்பப் பூட்ட முடிகிற மாதிரிப் பிரிப்பதுதான் வேலை.

எங்கள் வேலைக்கு மச்சான் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷின் சிலிண்டரை டயல் கேஜ் வைத்து நேர் பார்த்துப் பழகிய கை. "எஞ்சின் எனக்குத் தெரியாது மாமா, அளக்கத் தெரியும்" என்றான். அதுதான் தேவையாக இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கும், கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது நாங்கள் கடைப்பிடித்தது:

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் இரண்டு பக்கம் படம் எடுத்தோம். போல்ட்டுகளைப் பாகம் வாரியாகப் பாலித்தீன் பையில் போட்டு, பேரெழுதிக் கட்டினோம்.

கனெக்டிங் ராடிலும் அதன் கேப்பிலும் 1, 2, 3 என்று ஒரே பக்கமாகப் புள்ளி குத்தினோம். ஒரு ராடின் கேப்பை இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது. திருப்பியும் போடக் கூடாது.

அட்டைப்பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டு, புஷ் ராடுகளை அதே வரிசையில் குத்தி வைத்தோம். கேம் ஷாஃப்டைத் திரும்பப் பயன்படுத்துவதென்றால், ஒவ்வொரு டேப்பட்டும் அது தேய்ந்த அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒன்றோடு ஒன்று பழகித் தேய்ந்த ஜோடி அது.

டைமிங் கியர்களைக் கழற்றும் முன் குறிகளை ஒன்றாகக் கொண்டுவந்து படம் எடுத்தோம். நடுக் கியர் உள்ள எஞ்சினில் எல்லாக் குறியும் பல சுற்றுக்கு ஒரு தடவைதான் சேரும். சேரவில்லையே என்று பயப்பட வேண்டாம், மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள்.

டீசல் பம்ப்பை நாங்கள் பிரிக்கவில்லை. அது அமரும் இடத்தில் பம்ப்புக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டு, முழுசாகக் கழற்றி பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்பினோம். இன்ஜெக்டரும் அங்கேதான்.

எது மாறலாம், எது மாறக் கூடாது

அளந்து பார்த்த பிறகு பழைய எஞ்சினிலிருந்து மாற்று பிளாக்குக்குப் போகக்கூடியவை: கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடுகள், கேம் ஷாஃப்ட், டைமிங் கியர்கள், ஆயில் பம்ப், ஹெட், ஃபிளைவீல், டீசல் பம்ப், மேனிஃபோல்டுகள், ஆயில் சம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ.

புதுசாகவே போட வேண்டியவை: பிஸ்டன் ரிங், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், எல்லா கேஸ்கட், ஆயில் சீல், லைனர் ரப்பர் ரிங். லைனர் புதுசு என்றால் பிஸ்டனும் செட்டாகப் புதுசு போடுவது நல்லது. நீண்டுபோன ஹெட் போல்ட்டையும் கனெக்டிங் ராடு போல்ட்டையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய பிளாக்கிலேயே மறந்து போகிறவை: ஹெட்டையும் கியர் பெட்டியையும் நேர் பிடிக்கும் சின்னப் பின்கள், ஆயில் வழியை அடைக்கும் திருகு மூடிகள், ஆயில் பிரஷர் வால்வு, சில எஞ்சின்களில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் குழாய், தண்ணீர் வடிக்கும் டேப். இதில் ஒரு ஆயில் மூடி விட்டுப்போனாலே பிரஷர் ஏறாது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். புது எஞ்சின் 50 மணி நேரம் ஓடும் வரை பழைய பிளாக்கை எடைக்குப் போடக் கூடாது.

அளவுதான் நீதிபதி

கிராங்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு தேய்மான இடத்தையும் மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். வட்டம் கெட்டிருந்தால் கிரைண்டிங் பண்ண வேண்டும். பேரிங் 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று படிப்படியாகத் தடித்த அளவில் கிடைக்கும். கிராங்கை எந்த அளவுக்குக் கிரைண்டிங் பண்ணினார்களோ அந்த அளவு பேரிங். கிரைண்டிங் முடிந்த பிறகு பேரிங் வாங்குங்கள், முன்னாடியே வாங்கி வைக்காதீர்கள்.

ரிங்கை பிஸ்டனில் மாட்டும் முன், லைனருக்குள் தனியாக விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்கள். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். 90 மி.மீ. அளவு லைனருக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் ரிங் விரிந்து முட்டி உடையும்.

மாற்று பிளாக்குக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. அதன் மேல்முகத்தை முன்பு யாராவது சீவியிருக்கலாம். சீவியிருந்தால் பிளாக்கின் உயரம் குறைந்து பிஸ்டன் மேலே வந்துவிடும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் முகத்தை விட எவ்வளவு மேலே நிற்கிறது என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் டயல் கேஜால் அளந்து, புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். லைனர் மேல்விளிம்பு பிளாக்கை விட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதையும் அப்படியே பார்க்க வேண்டும். அது இறங்கி இருந்தால் கேஸ்கட் நிற்காது.

சுத்தம்

பிளாக்கின் ஆயில் வழி மூடிகளை எல்லாம் கழற்றி, உள்ளே நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து ஊத வேண்டும். கிரைண்டிங் பண்ணிய கிராங்கின் துளைகளிலும் இரும்புத் துகள் இருக்கும். அதையும் ஊத வேண்டும்.

நம் ஊரில் துடைக்கத் துணிக்கா பஞ்சம்? பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வெளி அழுக்குத் துடைக்க அது அருமையானது. ஆனால் கடைசியாகப் பூட்டும்போது பனியன் வேஸ்ட் வேண்டாம். வெட்டுமுனையிலிருந்து நூலும் பஞ்சும் உதிரும். அது ஆயில் துளையை அடைத்தால் பேரிங் போய்விடும். நூல் உதிராத, துவைத்த பழைய வேட்டித் துணியை ஓரம் மடித்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் வரிசை

முதலில் லைனர். ரப்பர் ரிங் முறுக்கிக்கொள்ளாமல் இறக்க வேண்டும். பிறகு தண்ணீர் வழியில் நல்ல தண்ணீரை நிரப்பி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு இரண்டாவது லைனரில் ஒரு சொட்டு வந்தது. ரிங் முறுக்கியிருந்தது. பிஸ்டன் எல்லாம் போட்ட பிறகு தெரிந்திருந்தால் இரண்டு நாள் வேலை வீணாகியிருக்கும்.

அடுத்தது கிராங்க். பேரிங்கின் ஆயில் துளை பிளாக்கின் துளையோடு சேர வேண்டும். ஆயில் விட்டு, ஒவ்வொரு கேப்பையும் டார்க் ரெஞ்சால் முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பை முறுக்கியதும் இறுகுகிறதோ கோளாறு அங்கேதான். எல்லாம் முறுக்கிய பிறகு சுற்றினால் எது காரணம் என்று தெரியாது.

பிறகு பிஸ்டன்கள். ரிங் முனைகள் ஒரே கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியோ பள்ளமோ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் படத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

டைமிங் கியர், ஆயில் பம்ப், சம்ப், அப்புறம் ஹெட். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் போக, மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். முறுக்கு அளவு புத்தகத்தில் இருப்பதுதான். "என் கைக்கே கணக்குத் தெரியும்" என்று சொல்பவரிடம் அந்த ஒரு வேலையை மட்டும் விடாதீர்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன் டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். காய்ந்த பேரிங்கில் எஞ்சின் ஓடவே கூடாது. ஸ்டார்ட் ஆனதும் ரொம்ப நேரம் சும்மா ஓட விடாமல், லேசான வேலை கொடுங்கள். டிரெய்லர் இழுப்பது போதும், ஆழ உழவு வேண்டாம். 50 மணி நேரத்தில் முதல் ஆயிலை மாற்றுங்கள். ஹெட்டைத் திரும்ப முறுக்கவும் டேப்பட் சரி பார்க்கவும் புத்தகம் சொன்னால் தவறாமல் செய்யுங்கள்.

இனி என்ன தண்ணீர்?

ரேடியேட்டருக்கு நல்லது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும். கலவை விகிதம் கூலண்ட் டப்பாவில் இருக்கும். பாதிக்குப் பாதி என்பதுதான் பொதுவானது. தண்ணீர் கலந்தே வரும் கூலண்ட் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். முதல் மழையில் கூரை அழுக்கு போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையில் பிடித்து, துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் வைக்கிறோம். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பயன்படுத்துகிறோம். ஆனால் வெறும் மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்கும். கூலண்ட்டில் உள்ள துருத் தடுப்பு மருந்து கட்டாயம் வேண்டும்.

இரண்டு தப்பு நம் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை "எப்படியும் வீணாத்தானே போகுது" என்று ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். அது போர் தண்ணீரை விட உப்பு கூடியது. இன்னொன்று, சாஃப்ட்னர் வைத்த தண்ணீர். அதில் சுண்ணாம்புதான் போயிருக்கும். குளோரைடு அப்படியே இருக்கும், அரிப்பு நிற்காது.

இயற்கை விவசாயத் தோட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை. கூலண்ட் விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும். நாயும் கன்றும் நக்கிக் குடித்தால் உயிர் போகும். வடித்த கூலண்ட்டைத் தரையில் விடாமல் மூடிய கேனில் பிடியுங்கள். பழைய எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். கரையானுக்கு என்று அதை வேலிக்கால்களிலும் மாட்டுக்கொட்டகைத் தூண்களிலும் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உள்ள உலோகமும் கரியும் மழையில் மண்ணுக்குத்தான் இறங்கும். நஞ்சில்லாமல் வைத்திருக்கும் மண்ணில் நாமே நஞ்சு விடக் கூடாது. கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். பாகங்களை டீசலில் கழுவும்போது கிணற்றடி வேண்டாம், தட்டு வைத்துக் கழுவுங்கள்.

செய்யலாமா, வேண்டாமா?

எல்லா வண்டிக்கும் இந்த வேலை லாபம் என்று சொல்ல மாட்டேன். பிளாக் விலை, லேத் கூலி, புதுப் பாகங்கள், பம்ப் சர்வீஸ், மெக்கானிக் கூலி, வாடகை உழவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், நல்லா ஓடுகிற அதே மாடல் வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று எழுதுங்கள். செலவு அதில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். கிராங்க், ஹெட், கியர் பெட்டி மூன்றில் இரண்டு கெட்டிருந்தால் விட்டுவிடுங்கள். எங்களுக்குக் கிராங்க் ஒரு படி கிரைண்டிங்கோடு தப்பித்தது, ஹெட் நல்லா இருந்தது. மொத்தச் செலவு புது வண்டிக்குக் கட்ட வேண்டிய முன்பணத்தை விடக் குறைவாக முடிந்தது. மாசத் தவணை இல்லை.

மைக்ரோமீட்டர், டயல் கேஜ், டார்க் ரெஞ்ச் மூன்றையும் ஒரு ஆள் வாங்கினால் வருஷத்தில் பத்து நாள்தான் வேலை இருக்கும். விதையைப் பகிர்ந்துகொள்வது போல, ஐந்தாறு குடும்பம் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தை மாசம் எங்கள் வண்டி மறுபடி காட்டில் இறங்கியது. பட்டறை அண்ணன் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எஞ்சின் சரியா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, வீட்டுத் திண்ணைப் பக்கம் போய், மழைத் தண்ணி டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தார். "இதைப் பாதிக்குக் கீழ விட்றாதே" என்றார்.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். துருநிறமோ வெள்ளைப் படிவோ தெரிந்தால், பிளாக்கை மாற்றும் நிலை வரும் முன்பே தண்ணீரை மாற்றிவிடுங்கள்.